பாம்பை விட்டால் புண்ணியமா?

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் என்றதும் நமக்கு உடனே ஞாபகம் வருவது சாஃப்ட்வேர் ஆட்கள், மேற்படிப்புக்குப் போகும் மாணவர்கள், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகும் அம்மா அப்பாக்கள். 2017 ஜனவரியில் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் போனார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால். இருவரும் இருளர்கள். அவர்கள் போன வேலை என்ன தெரியுமா? மலைப்பாம்பு பிடிப்பது!

முதலில் இதைப் படித்தபோது ஏதோ டிவி நிகழ்ச்சிக்காகக் கூட்டிப் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். இல்லை. ஃப்ளோரிடா மாநிலத்தின் வனவிலங்குத் துறையும் ஃப்ளோரிடா பல்கலைக்கழகமும் சேர்ந்து அழைத்திருந்தார்கள். நாசா ராக்கெட் விடுகிற மாநிலம் அது. அங்கே பாம்பு பிடிக்க ஆள் கிடைக்காமல் நம்ம ஊர் இருளர்களைத் தேடி வந்திருக்கிறார்கள் என்றால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

எப்படி முற்றியது என்று தேடித் தேடிப் படித்தேன். நான் விலங்கியல் மாணவன் இல்லை, இன்ஜினியரிங் படிக்கிறவன். ஆனாலும் இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஃப்ளோரிடா கதை.

ஃப்ளோரிடாவின் தென்பகுதியில் எவர்கிளேட்ஸ் என்று ஒரு பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீரும் கோரைப்புல்லும். 1947இல் அதன் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக்கினார்கள். அந்தப் பூங்கா மட்டுமே சுமார் 6,000 சதுர கிலோமீட்டர். முதலைகள், நாரைகள், முயல்கள், ரக்கூன்கள் எல்லாம் அங்கே காலம் காலமாக வாழ்கிற பிராணிகள். பர்மிய மலைப்பாம்பு மட்டும் அங்கே பிறந்த உயிர் இல்லை. அதன் ஊர் நம் வடகிழக்கு எல்லையில் தொடங்கி பர்மா, தாய்லாந்து, வியட்நாம் வரை. தமிழ்நாட்டுக் காடுகளில் இருக்கிற மலைப்பாம்புக்கு அது பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம். 2009 வரை இரண்டையும் ஒரே இனத்தின் இரு பிரிவுகளாகத்தான் கணக்கு வைத்திருந்தார்கள்.

இந்தப் பாம்பு கடல் தாண்டிப் போனது வளர்ப்புப் பிராணியாக. 1996 முதல் 2006 வரை மட்டும் சுமார் 99,000 பர்மிய மலைப்பாம்புகள் அமெரிக்காவுக்கு இறக்குமதியாகியிருக்கின்றன. கடையில் விற்கும்போது அது முழங்கை நீளத்துக் குட்டி. அழகாக இருக்கும், சாதுவாக இருக்கும், கையில் சுற்றிக்கொள்ளும். விலையும் மாணவர்கள் வாங்கக்கூடிய விலைதான். நண்பர்கள் வந்தால் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று வருடம் போகட்டும். குட்டி பத்தடி ஆகிவிடும். எலி போட்டது போதாமல் முயல் போட வேண்டியிருக்கும். கண்ணாடிப் பெட்டி போதாமல் ஒரு அறையையே ஒதுக்க வேண்டியிருக்கும். தனியாளாகத் தூக்கவும் முடியாது. அது இருபது வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கக்கூடிய பிராணி என்பதைக் கடைக்காரர் சொன்னாரோ இல்லையோ, அப்போது காதில் விழுந்திருக்காது. மிருகக்காட்சி சாலையில் கேட்டால் ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்பார்கள். கொல்லவும் மனசு வராது. கடைசியில் ஒரு நாள் ராத்திரி, காரின் பின்னால் மூட்டையில் போட்டுக்கொண்டு போய், சதுப்பு நிலத்தின் ஓரமாக அவிழ்த்து விட்டுவிட்டு வருவது. "போ, நல்லா இரு."

கவனியுங்கள், இதைச் செய்தவர்கள் கொடூரமானவர்கள் இல்லை. பெரும்பாலும் இளகிய மனசுக்காரர்கள். அந்தப் பாம்பைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள்.

1979இல் எவர்கிளேட்ஸில் முதல் பர்மிய மலைப்பாம்பைக் கண்டார்கள். யாரோ வளர்த்தது தப்பி வந்திருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் அடித்தபோது ஒரு பாம்புப் பண்ணை நாசமாகி அதிலிருந்தும் பாம்புகள் வெளியேறின. அங்கேயே முட்டையிட்டுப் பெருகுகின்றன என்பதை 2000இல்தான் ஒப்புக்கொண்டார்கள். பெரிய பெண் பாம்பு ஒரே ஈட்டில் ஐம்பது, சில சமயம் நூறு முட்டைகூட இடும். இட்டுவிட்டுப் போகாமல் சுருண்டு படுத்து உடம்பைச் சிலிர்த்துச் சிலிர்த்துச் சூடேற்றி அடைகாக்கும். மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். கோரைக்குள் படுத்துவிட்டால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. அங்குள்ள முயலுக்கும் ரக்கூனுக்கும் இப்படி ஒரு எதிரியைக் கண்டு பழக்கமே கிடையாது.

விளைவு என்ன? 2012இல் ஓர் ஆய்வு வந்தது. இரவு நேரத்தில் சாலைகளில் வண்டியில் போய்க் கண்ணில் படும் விலங்குகளை எண்ணுவது ஒரு முறை. 1990களில் எண்ணியதையும், 2003 முதல் 2011 வரை எண்ணியதையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். ரக்கூன் 99.3 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்போசம் 98.9 சதவீதம். பாப்கேட் என்கிற காட்டுப்பூனை 87.5 சதவீதம். முயல்? ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

"வேறு காரணமும் இருக்கலாமே, பாம்பின் மேல் ஏன் பழி?" என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கும் பதில் தேடியிருக்கிறார்கள். சதுப்பு நில முயல்களுக்கு ரேடியோ கட்டிப் பூங்காவில் விட்டுப் பார்த்தார்கள். 2015இல் முடிவு வெளியானது. செத்துப்போன முயல்களில் 77 சதவீதத்தைக் கொன்றது மலைப்பாம்பு. 2007இலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. கீ லார்கோ தீவில் அழிவின் விளிம்பில் இருக்கும் ஒரு வகைக் காட்டெலிக்கு ரேடியோ கட்டியிருந்தார்கள். சிக்னலைத் தொடர்ந்து போனால் எலி இல்லை, ஏழடிப் பாம்பு படுத்திருந்தது. எலியும் ரேடியோவும் அதன் வயிற்றுக்குள்ளே!

சேதம் இத்தோடு நிற்கவில்லை. பெரிய பாலூட்டிகள் குறைந்ததும், அங்குள்ள ஒரு கொசு இனம் எலிகளையே அதிகமாகக் கடிக்க ஆரம்பித்திருக்கிறது. அந்த எலிகள் மனிதனுக்கும் தொற்றக்கூடிய எவர்கிளேட்ஸ் வைரஸைச் சுமப்பவை. இன்னொன்று, இந்த மலைப்பாம்புகள் தங்களோடு கொண்டுவந்த ஆசிய நுரையீரல் ஒட்டுண்ணி இப்போது ஃப்ளோரிடாவின் சொந்தப் பாம்புகளுக்குத் தொற்றி அவற்றைக் கொல்கிறது. காரில் இருந்து இறக்கி விட்டது ஒரே ஒரு பாம்பாக இருக்கலாம். அதோடு இறங்கியவை எத்தனை என்று விட்டவருக்கு எப்படித் தெரியும்?

சரி, பிடித்துவிடலாமே? அதையும்தான் செய்து பார்க்கிறார்கள். 2013இல் பரிசு அறிவித்துப் போட்டி வைத்தார்கள். சுமார் 1,600 பேர் பதிவு செய்துகொண்டு ஒரு மாதம் தேடியதில் கிடைத்தவை 68 பாம்புகள். இதோடு ஒப்பிடுங்கள்: நம் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் போய்ச் சேர்ந்து இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகளைப் பிடித்துவிட்டார்கள். கீ லார்கோவில் கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்துக்குள் புகுந்து பிடித்ததில் ஒன்று பதினாறு அடிப் பெண் பாம்பு. தடம், எச்சம், உரித்துப் போட்ட சட்டை இவற்றைப் பார்த்தே பாம்பு போன வழியைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்தபோது ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. 2017இலிருந்து சம்பளத்துக்குப் பாம்பு பிடிக்க ஆட்களை வைத்திருக்கிறார்கள். மணிக்கணக்கு கூலி போக, நாலடி வரை 50 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு அடிக்கும் 25 டாலர். ஆண் பாம்புக்கு ரேடியோ வைத்து விட்டு, அது தேடிப் போகும் பெண் பாம்பைப் பிடிக்கிறார்கள். இப்படிக் கிடைத்த ஒரு பெண் பாம்பின் எடை 98 கிலோ, வயிற்றுக்குள் 122 முட்டைகள். 2025 போட்டியில் 294 பாம்புகள் பிடித்துச் சாதனை என்றார்கள். 2000 முதல் இதுவரை பிடித்தது 23,000க்கும் மேல். இவ்வளவுக்கும் பிறகு, 2023இல் அமெரிக்க அரசின் புவியியல் ஆய்வுத் துறை எல்லா ஆய்வுகளையும் தொகுத்துச் சொன்ன முடிவு இது: இன்று கையில் இருக்கும் முறைகளைக் கொண்டு இந்தப் பாம்பை ஃப்ளோரிடாவிலிருந்து முழுதாக ஒழிக்க முடியாது.

அதாவது இது இனி தீராத வியாதி. மாத்திரை போட்டுக்கொண்டே காலம் தள்ள வேண்டியதுதான். பிடிபடுகிற ஒவ்வொரு பாம்பையும் கொன்றுதான் ஆகவேண்டும். அதுவோ தன் சொந்த ஊரில் தோலுக்காகவும் கறிக்காகவும் வேட்டையாடப்பட்டுக் குறைந்துகொண்டே வருகிற இனம், ஆபத்துக்குள்ளானது என்று பட்டியலிடப்பட்ட இனம். பிறந்த ஊரில் இல்லாமல் போகிறது, போன ஊரில் இருந்ததற்காகச் சாகிறது. இதில் பாம்பின் தப்பு என்ன?

தப்பு யாருடையது என்று கேட்டால் வாங்கியவர், விட்டவர் என்று சொல்லிவிடலாம். எனக்கு அது பாதி பதிலாகத்தான் படுகிறது. தேதிகளைப் பாருங்கள். முதல் பாம்பு 1979இல். தெற்கு ஃப்ளோரிடா நீர் மேலாண்மை அமைப்பு இந்த இறக்குமதியைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசிடம் மனு கொடுத்தது 2006இல். வளர்ப்பவர்களுக்கு ஃப்ளோரிடா உரிமம் கட்டாயமாக்கியது 2008இல். புதிதாக யாரும் செல்லப் பிராணியாக வாங்கக்கூடாது என்றது 2010இல். அமெரிக்க அரசு இறக்குமதிக்குத் தடை போட்டது 2012இல். முதல் பாம்பிலிருந்து முப்பத்து மூன்று வருடம்! வியாபாரிகளின் எதிர்ப்பு, நிரூபித்துக் காட்டு என்ற வாதம், இன்னும் ஓர் ஆய்வு வரட்டும் என்ற தயக்கம். ஆய்வுகள் வந்து சேர்ந்தபோது முயல் இல்லை.

எதிர்த்தரப்பு சொல்வதையும் பார்த்துவிடுவோம்.

"எல்லாம் ஆண்ட்ரூ புயலால் வந்தது, வளர்ப்பவர்களைக் குறை சொல்லாதே" என்பது முதல் வாதம். முதல் பாம்பு கிடைத்தது புயலுக்குப் பதின்மூன்று வருடம் முன்னால். சரி, புயலுக்கும் பங்குண்டு என்றே வைத்துக்கொள்வோம். புயல் அடிக்கிற கடற்கரை மாநிலத்தில், சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில், அத்தனை பாம்புகளை விற்பனைக்காக அடைத்து வைத்தது புயலா?

"நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் பொறுப்பாக வளர்க்கிறவர்கள், ஒருவருக்காக எல்லோரையும் தண்டிக்கலாமா?" என்பது அடுத்தது. இதில் உண்மை இருக்கிறது. பாம்பை உயிராக நேசித்து வளர்ப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் ஒரே ஈட்டில் ஐம்பது முட்டை இடுகிற பிராணி விஷயத்தில் சதவீதக் கணக்கு செல்லாது. பூட்டைத் தொண்ணூற்றொன்பது பேர் பூட்டி ஒருவர் மறந்தாலும் ஆடு வெளியே போய்விடும். ஆட்டையாவது திரும்ப ஓட்டி வரலாம்.

மூன்றாவது வாதம்தான் கனமானது. "தடை போட்டால் கள்ளத்தனமாக விற்பார்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாக விட்டுவிடுவார்கள்." உண்மைதான். அதனால்தான் தடை மட்டும் போதாது என்கிறேன். ஃப்ளோரிடாவில் 2006இலிருந்து ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. வளர்க்க முடியாத வெளிநாட்டுப் பிராணியைக் கொண்டுவந்து ஒப்படைத்தால் கேள்வி கிடையாது, அபராதம் கிடையாது. தகுதியான வேறொருவரிடம் சேர்த்துவிடுகிறார்கள். இந்தக் கதவை முப்பது வருடம் முன்னாலேயே திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. வாங்குவது சுலபம், விடுவது அதைவிடச் சுலபம், முறையாக ஒப்படைப்பது மட்டும் கஷ்டம் என்று இருந்தால் மனுஷன் எதைச் செய்வான்? சுலபமானதைத்தான்.

விற்கிறவர் மேல் பொறுப்பைப் போடுங்கள். முதல் விற்பனையிலேயே பாம்பின் உடம்பில் அடையாளச் சில்லு, வாங்கியவர் பெயரில் பதிவு, வேண்டாம் என்று வந்தால் கடைக்காரரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை. இருபது வருடத்துத் தீனிச் செலவையும் சேர்த்து எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு விற்கட்டும். பாதிப் பேர் கடை வாசலிலேயே திரும்பிப் போய்விடுவார்கள் :-)

"இதெல்லாம் ஃப்ளோரிடா பிரச்சினை, நமக்கென்ன?" என்று நினைக்கிறீர்களா? 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள் இருந்தன. அதே வருடம் ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் 47 மலைப்பாம்புக் குட்டிகள். யாரோ வாங்குவதற்குக் காத்திருந்ததால்தானே கொண்டுவந்தார்கள்? இவை நம் காட்டில் பெருகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பெருகாமலும் போகலாம். ஆனால் எவர்கிளேட்ஸிலும் 1979இல் யாரும் அப்படி நினைக்கவில்லை. வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து சொல்லலாம் என்று 2020இல் மத்திய அரசு அவகாசம் கொடுத்தது. 2024இல் பதிவைக் கட்டாயமாக்கி விதிகள் வந்தன. நல்ல ஆரம்பம். ஆனால் வளர்க்க முடியவில்லை என்று ஒருவர் வந்தால் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? அந்த இடம் ஊருக்கு ஊர் தெரிந்திருக்க வேண்டும், பயமில்லாமல் போகக்கூடியதாக இருக்க வேண்டும்.

இப்போது என் சொந்தக் காரணம்.

ஏழாம் வகுப்புப் படிக்கும்போது மாமா எனக்கு மீன் கடையிலிருந்து ஒரு ஆமை வாங்கிக் கொடுத்தார். காதோரம் சிவப்புக் கோடு போட்ட பச்சை ஆமை. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. மூன்று வருடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. தொட்டி நாறுகிறது என்று அம்மா தினமும் சத்தம். தாத்தாதான் சொன்னார், "வாயில்லா ஜீவன், கோயில் குளத்துல விட்டுடு, புண்ணியமாப் போகும்." ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் படித்துறையில் உட்கார்ந்து மெதுவாகத் தண்ணீரில் விட்டேன். ஒரு முறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முங்கிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு பிரசாதப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

அந்த ஆமையின் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் அதுவும் இருக்கிறது. இன்னொன்றும் தெரிந்தது. குழந்தைகளுக்கு சால்மொனெல்லா கிருமி தொற்றுகிறது என்று 1975இலேயே நாலு அங்குலத்துக்குக் குறைவான ஆமைக் குட்டிகளை விற்க அமெரிக்கா தன் நாட்டில் தடை போட்டுவிட்டது. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய மட்டும் தடை இல்லை!

ஆக, இந்தப் பக்கத்துப் பாம்பு அவர்கள் சதுப்பில், அவர்கள் ஊர் ஆமை எங்கள் கோயில் குளத்தில். எவர்கிளேட்ஸில் பாம்பை விட்டவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவரும் நானும் ஒரே காரியத்தைத்தான் செய்தோம், ஒரே நல்லெண்ணத்தோடு.

உயிரை விடுவித்தால் புண்ணியம் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக் கொடுக்கிறார்கள். கூடவே எங்கே விடுவது என்றும் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். இருளர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. 1978இல் தொடங்கிய அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பையும் கண்ணாடி விரியனையும் பிடித்து வந்து, மருந்துக்காக விஷம் எடுத்துவிட்டு, சில வாரங்களில் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்த மண்ணின் பாம்பு, இந்த மண்ணுக்கே போகிறது. அதே இனத்து மனிதர்கள் ஃப்ளோரிடாவில் பிடித்த பாம்புகளுக்கு மட்டும் திரும்பிப் போக இடமில்லை.

போன பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது குளத்தைப் போய்ப் பார்த்தேன். நடுவில் கிடந்த கட்டையில் மூன்று ஆமைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. மூன்றுக்கும் காதோரம் சிவப்புக் கோடு. நான் விட்டது ஒன்றுதான். இன்னும் யார் யார் புண்ணியம் தேடினார்களோ தெரியாது. அறநிலையத் துறைக்கும் வனத் துறைக்கும் ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன், முதல் ஆமையை விட்டது நான்தான் என்பதையும் சேர்த்து. பதில் வரவில்லை. வரும்வரை நான் செய்யக்கூடியது ஒன்றுதான். யாராவது ஒரு குட்டிப் பாம்பையோ ஆமையையோ காட்டி "க்யூட்டா இருக்குல்ல, வாங்கலாமா?" என்று கேட்டால், இது எவ்வளவு பெரிதாக வளரும், எத்தனை வருடம் வாழும், அப்புறம் இதை யாரிடம் கொடுப்பாய் என்று கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.